தகடு வெள்ளையாகும் வரை

கனகலிங்கம் உரப்பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினான். இரண்டாக முறிந்த செயற்கைக் கால் ஷரோனின் மேசையில் சடாரென்று விழுந்தது. கீழ்த்துண்டு உருண்டு நிலத்துக்குப் போய்விட்டது. அதன் பாதத்தில் அவனுடைய செருப்பு இன்னும் மாட்டியபடியே இருந்தது. வயதில் என்னைவிட மூத்தவன்தான். அதற்காக அவனுக்கு ‘அவர்’ போட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

“இதை ஆர் செய்தது?” என்று கேட்டான்.

“நான்தான் அண்ணை,” என்றாள் ஷரோன்.

“ரண்டு வருசம் நிக்கேல்லை. கோயிலுக்குப் போற வழியிலை முறிஞ்சு றோட்டிலை கிடந்தனான். சனம் பாத்துச் சிரிக்குது. தெரியுமே உனக்கு?”

கோயிலாவது, றோட்டாவது. முழுப் பொய். அவன் மனைவி ஞானாம்பிகை வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள். மற்றக் கையால் இடது விலாவைப் பொத்திக்கொண்டு, மூச்சைச் சின்னச் சின்னதாக எடுத்தாள். அந்தக் கால் முறிந்தது அவளை உதைத்தபோதுதான். விலாவில் பட்ட உதை கிணற்றுக்கட்டிலும் போய் மோதியதில் கால் இரண்டானது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் வீடு தெல்லிப்பழையில் அவன் வளவுக்கு அடுத்த வளவு. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று “விடடா அவளை” என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் காலை எடுத்து மாட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆம், எனக்கும் இடது கால் பிளாஸ்ரிக்தான். ஷரோன் செய்தது. நான் சிவகரன். மானிப்பாயில் கால் செய்து கொடுக்கும் அந்தச் சின்ன இடத்தில் பிளாஸ்டர் குழைத்து அச்சு வார்ப்பது என் வேலை.

ஷரோன் இரண்டு துண்டையும் பொறுக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முறிந்த இடத்தைப் பெருவிரலால் தடவினாள். கெண்டைக்கால் பக்கத்தைத் திருப்பி வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து வாசலில் நின்ற ஞானாம்பிகையைப் பார்த்தாள். ஞானாம்பிகை குனிந்துகொண்டாள்.

“பிழை என்னிலைதான் அண்ணை,” என்றாள் ஷரோன். “பிளாஸ்ரிக் தகட்டை அளவுக்கு மிஞ்சிச் சூடாக்கிப்போட்டன். ஆறவும் பிந்திப்போச்சு. உள்ளுக்கை பளிங்கு பெருத்தால் முறியும்.”

அந்தக் கால் வார்த்த அன்று பக்கத்தில் நின்றவன் நான். ஒரு பிழையும் நடக்கவில்லை. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் கனகலிங்கம் மேல்துண்டைப் பறித்து அவள் முகத்தில் வீசி அடித்தான்.

புருவம் பிளந்தது. இரத்தம் கண்ணுக்குள் இறங்கி, கன்னத்தால் வழிந்து, வெள்ளை மேற்சட்டையில் கொட்டியது. அவன் இரண்டாம் முறை ஓங்கினான். நான் பிளாஸ்டர் கையோடு பாய்ந்து அவன் கழுத்தைப் பிடித்தேன். வாங்கில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருந்தவர்களும் எழும்பிவிட்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் சொந்தக் கால் இரண்டு இல்லை. ஆனாலும் ஊன்றுகோல்கள் இருந்தன, கைகள் இருந்தன. அவனைக் கதிரையில் அமத்தி இருத்தினோம். நான் என் பங்குக்கு இரண்டு போட்டேன். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

“விடுங்கோ சிவகரன் அண்ணை,” என்றாள் ஷரோன், துணியால் புருவத்தை அழுத்திக்கொண்டு. “புதுக்கால் செய்து தாறன் அவருக்கு.”

இந்தப் பிள்ளைக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஷரோனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மானிப்பாயில் ஜெபரட்ணம் மாஸ்ரர் என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். மிஷன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். அவருடைய கடைசி மகள். மாஸ்ரர் காலமாகி நாளாயிற்று. தாய் வினிபிரட் ரீச்சரோடு இருக்கிறாள். முப்பத்தைந்து வயதுக்குக் கிட்ட இருக்கும், கல்யாணம் இல்லை. கேட்பவர்களுக்கு அவள் சொல்லும் பதிலை இங்கே எழுத முடியாது. ஞாயிறு காலை தேவாலயத்தில் பாட்டுக்குழு, மற்ற நாட்களில் சைக்கிளில் வேலைக்கு வருவாள். கால் செய்கிற வேலைக்கு ஏன் வந்தாய் என்று ஒருநாள் கேட்டேன். யுத்தம், இரக்கம், தேவனின் அழைப்பு என்று ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். “ஏ.எல்லிலை பெறுபேறு காணாது அண்ணை. இந்தப் படிப்புத்தான் கிடைச்சுது,” என்றாள்.

ஆனால் கிடைத்த படிப்பை அப்படிப் பிடித்துக்கொண்டவர்களை நான் வேறு கண்டதில்லை. பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். கால் கடிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அச்சையே திரும்ப எடுப்பாள். சொன்னபடி செய்யாத ஆட்களை, ஐயா என்றும் பாராள் அம்மா என்றும் பாராள், ஏசித் தீர்ப்பாள்.

கால் செய்யும் பிளாஸ்ரிக்குக்குப் பொலிபுறொப்பிலீன் என்று பெயர். தடித்த வெள்ளைத் தகடாக வரும். அதைப் போறணைக்குள் வைத்துச் சூடாக்கினால் இளகி, கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளை கலைந்து, கடைசியில் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். தெளிந்த உடனே எடுத்து, காலின் பிளாஸ்டர் அச்சின் மேல் போர்த்தி, விளிம்பைச் சேர்த்து நசுக்கி, பம்பைப் போட்டால் காற்று இழுபட்டு அச்சோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒன்றும் செய்யக் கூடாது. அது ஆற ஆற எங்கேயோ ஓர் இடத்தில் பனிப்புகார் மாதிரிப் படியத் தொடங்கும். பிறகு இன்னோர் இடம். மெல்ல மெல்ல எல்லாம் பால் வெள்ளை ஆகும். வெள்ளையான பிறகும் உள்ளுக்குள் வேலை நடந்துகொண்டிருக்கும் என்பாள் ஷரோன். பம்பை நிறுத்த விடமாட்டாள், காற்றாடி போட விடமாட்டாள். அவசரப்படுத்தினால் ஒரு பக்கம் முந்தியும் மற்றப் பக்கம் பிந்தியும் இறுகிக் கால் முறுகிவிடும்.

உள்ளுக்குள் என்ன வேலை என்று எனக்கு அவள் காட்டினாள், கனகலிங்கம் அடித்த அடுத்த நாள். புருவத்தில் தையல். கண் வீங்கி மூடிக் கிடந்தது. மற்றக் கண்ணால் தகப்பனின் நுணுக்குக்காட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் கழித்துவிட்டதை மாஸ்ரர் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தாராம். பழுதான கல்குலேட்டர் ஒன்றின் முகப்பில் இருந்து கறுப்புத் தாளை உரித்து, கீழே ஒன்று மேலே ஒன்றாகக் குறுக்கே வைத்திருந்தாள். அப்படி வைத்தால் வெளிச்சம் செத்துவிடும். பளிங்கு மட்டும் ஒளிரும்.

நான் கோபத்தில் இருந்தேன். “ஏன் பொய் சொன்னனீர்? நான் பாத்துக்கொண்டு நிண்டனான். அந்தக் காலிலை ஒரு பிழையும் இல்லை.”

“முதல்லை இதைப் பாருங்கோ,” என்றாள்.

பிளாஸ்ரிக்கின் சின்னச் சீவல் ஒன்றைக் கண்ணாடிச் சில்லுகளுக்கு இடையில் உருக்கி, சூடு ஆற முதல் அதற்குள் வைத்திருந்தாள். முதலில் ஒரே இருட்டு. பிறகு ஒரு புள்ளி, தூசு மாதிரி. அந்தப் புள்ளியில் இருந்து மெல்லிய தகடு ஒன்று இரண்டு பக்கமும் நீண்டது. நீண்ட நுனி பிரிந்தது. பிரிந்தது மறுபடி பிரிந்தது. நடுவில் கட்டிய வைக்கோல் கட்டின் இரண்டு தலையும் விரிவது போல விரிந்து, வளைந்து, பின்பக்கமாகத் திரும்பி ஒன்றையொன்று தொட்டு, முழு உருண்டையாகிவிட்டது. அதற்குப் பிறகும் நிற்கவில்லை. கிளைக்கு மேல் கிளை விட்டுக்கொண்டு எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பெருத்தது. பார்த்த இடமெல்லாம் இப்படி உருண்டைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் கறுப்பாய் ஒரு சிலுவை.

“உங்கடை ஆக்கள் உதுக்குள்ளையும் வந்திட்டினமோ?” என்றேன். கோபத்திலும் வாய் சும்மா இருக்காது எனக்கு.

அவள் சிரிக்கப் போய், தையல் இழுத்து, முகத்தைச் சுளித்தாள்.

உருண்டைகள் பெருத்துப் பெருத்து ஒன்றோடொன்று முட்டின. முட்டிய இடத்தில் இரண்டும் நின்றுவிட்டன. நடுவே கோடு. எங்கள் ஊரில் இரண்டு வளவுக்கு நடுவே அவ்வளவு நேரான எல்லையை நான் கண்டதே இல்லை.

அவள் சொன்னதை எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். இந்தப் பிளாஸ்ரிக் நீள நீளமான நூல்களால் ஆனது, கண்ணால் காண முடியாத நூல்கள். ஆறும்போது அவை மடிந்து மடிந்து தகடாக அடுக்குப்படும். அந்தத் தகடுகள்தான் கிளைவிட்டு உருண்டையாகின்றன. எல்லா நூலும் அடுக்குக்குள் அடங்காது. அடங்காதவை கிளைகளுக்கு நடுவிலும் உருண்டைகளுக்கு நடுவிலும் சிக்கிக்கொண்டு, இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும். கால் நம்முடைய பாரத்தைத் தாங்குவது அந்தச் சிக்கிய நூல்களால். உருண்டை அளவுக்கு மிஞ்சிப் பெருத்தால் பிடிக்கிற நூல் குறைந்து, எல்லைக் கோட்டில் வெடிக்கும். வெயில் கெடுப்பது வேறு மாதிரி. பளிங்கை விட்டுவிட்டு, நடுவில் இருக்கும் நூல்களைத் தேடித் தேடி அறுக்கும்.

இப்போது முறிந்த காலில் இருந்து சீவிய துண்டை வைத்தாள். “பளிங்கைப் பாருங்கோ. சின்னன் சின்னனா, வடிவா இருக்கு. நான் வார்த்ததிலை பிழை இல்லை. இனி வெளித்தோலைப் பாருங்கோ.”

கெண்டைக்கால் பக்கம் முழுவதும் சுண்ணாம்பு பூத்து, மழை காணாத வயல் போல வெடித்துக் கிடந்தது. முன்பக்கம் புதிதாக இருந்தது.

“வெயில்,” என்றேன். “கிணத்தடியிலைதான் அவன்ரை கால் எப்பவும் கிடக்கும். செருப்புப் போட்ட கால் சாமி இருக்கிற வீட்டுக்குள்ளை வரப்படாதாம். ஆசாரம்.”

அது ஊர் அறிந்த கதை. கனகலிங்கம் வெளியே போய் வந்தால் முற்றத்தில் காலைக் கழற்றிவிட்டு, கழுவி, ஊன்றுகோலோடு உள்ளே போவான். திருநீறு பூசித் தேவாரம் பாடுவான். மனைவியை உதைப்பதென்றால் காலைக் கழற்ற முதல் முற்றத்திலேயே முடித்துவிடுவான். மிதிவெடியில் கால் போனதால்தான் அந்த மனிசன் இப்படி மாறிவிட்டது என்று உச்சுக்கொட்டுகிற சனத்தைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கும் மிதிவெடியில்தான் போனது. அவன் இரண்டு கால் இருந்த காலத்தில் இரண்டாலும் உதைத்தவன். ஒரு கால் பிளாஸ்ரிக் ஆனதால் உதைக்கிறவனுக்கு நோவு தெரியாமல் போனது, அவ்வளவுதான் மாற்றம். ஞானாம்பிகையின் கை ஒருமுறை முறிந்திருக்கிறது. காதொன்று கேட்காது. இந்தமுறை விலா. அடுத்தமுறை பிரேதம்தான் என்று எங்கள் ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரியும்.

“காலைக் குடுக்கேக்கை நான் ரண்டு பேருக்கும் சொன்னனான், வெயிலிலை வைக்காதேங்கோ, நாளடைவிலை முறிஞ்சிடும் எண்டு,” என்றாள் ஷரோன். “அவர் போனைப் பாத்துக்கொண்டு இருந்தவர். அக்காதான் கேட்டவ.”

“மறந்திருப்பா.”

“மறதியா வைக்கிற ஆக்கள் ஒருக்கா இந்தப் பக்கம், ஒருக்கா அந்தப் பக்கம் வைப்பினம். இது ஒவ்வொரு நாளும் பின்பக்கம் மேலை. அவர் மாட்டேக்கை கண்ணிலை படாத பக்கம்.”

அவன் கழற்றிவிட்டு உள்ளே போன பிறகு ஞானாம்பிகை முற்றத்துக்கு வந்து அந்தக் காலைத் திருப்பி வைப்பதை நானே எத்தனையோ தரம் வேலிக்குள்ளால் பார்த்திருக்கிறேன். புருஷனின் காலுக்கு என்ன பணிவிடை என்று எரிச்சல்தான் பட்டேன்.

“நான் நேற்று வெயில் எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தால்,” என்றாள் ஷரோன், “அவ இண்டைக்கு உயிரோடை இருக்க மாட்டா.”

அந்தக் கிழமையே ஞானாம்பிகை தனியாக வந்தாள். புருஷனின் புதுக்கால் விசயமாக என்று சொல்லி அனுப்பப்பட்டிருந்தாள். நான் பிளாஸ்டர் கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்தாள். அயலவன்தானே, போகட்டும் என்று நினைத்திருக்க வேண்டும், வெளியே போகச் சொல்லவில்லை. பிறகு ஷரோனின் புருவத் தையலைப் பார்த்தாள்.

“தங்கச்சி, எனக்கு விழ வேண்டிய அடி உங்களுக்கு விழுந்திட்டுது.”

“அதை விடுங்கோ அக்கா. விலா எப்பிடி?”

“படுக்க ஏலாது. இருந்துகொண்டு நித்திரை கொள்ளுறன்.” பிறகு, “கால் எப்ப குடுப்பியள்?” என்று கேட்டாள்.

ஷரோன் அவளை நேராகப் பார்த்தாள். “நீங்கள் எப்ப வெளிக்கிடுவியள்?”

ஞானாம்பிகை அழுதாள். விலா நோவதால் அழுவதையும் அடக்கி அடக்கித்தான் அழ வேண்டியிருந்தது. மகள் கீர்த்திகாவுக்கு ஓ.எல் சோதினை. அது முடியாமல் பிள்ளையைக் கிளப்பினால் படிப்புப் போய்விடும். கால் இருந்தால் அவன் பள்ளிக்கூடம், பஸ் நிலையம் என்று எங்கும் வந்து இழுத்துக்கொண்டு போவான். முன்பு ஒருதரம் ஓடிப்போய், நடுச்சந்தியில் தலைமயிரில் பிடித்து இழுத்து வரப்பட்டவள் அவள். கால் இல்லாத கனகலிங்கம் கை எட்டுகிற தூரத்துக்குத்தான் ஆள். சோதினை முடியும் வரைக்கும் அவன் அப்படியே இருக்க வேண்டும். அதற்காகத்தான் அவள் அந்தக் காலை ஒவ்வொரு நாளும் வெயிலுக்குக் கொடுத்திருக்கிறாள்.

“சோதினை முடியட்டும். அதுமட்டும் நான் பாத்துக்கொள்ளுறன்,” என்றாள் ஷரோன்.

அதற்குப் பிறகு கனகலிங்கம் ஒவ்வொரு நாளும் போன் எடுத்தான். கொழும்பில் இருந்து தகடு வரவில்லை, காலின் வீக்கம் வற்ற வேண்டும், அச்சு சரிவரவில்லை, திரும்ப எடுக்க வேண்டும் என்று அவளும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் பேசிய பேச்சு மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்கும். அவள் பிறப்பு, தாய், வேதம், கல்யாணம் ஆகாதது, ஒன்றையும் விடவில்லை. அவள் காதில் இருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கத்தியால் விளிம்பு சீவிக்கொண்டிருப்பாள். மற்ற நோயாளிகளை ஏசுகிற அந்த வாய் அவனுக்கு மட்டும் திறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பட்டப்பகலில் இரண்டு மோட்டார் சைக்கிள் அவள் வீட்டுக்குப் போனது. முகத்தைத் துணியால் கட்டிய நாலு பேர், கையில் வாள். படலையைக் கொத்திச் சரித்தார்கள். யன்னல் கண்ணாடி முழுவதையும் அடித்து நொருக்கினார்கள். முற்றத்தில் நின்ற சைக்கிளைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். ஷரோன் தடுக்கப் போனபோது ஒருவன் வாளை வீசினான். முன்னங்கை எலும்பு தெரிய வெட்டு. வினிபிரட் ரீச்சர் அடுப்பில் இருந்த கொதிகஞ்சிப் பானையைத் தூக்கி வந்து அவன் மேல் அப்படியே கவிழ்த்தார். அவன் போட்ட சத்தம் சந்தி வரைக்கும் கேட்டதாம். பிள்ளைகளுக்குக் கை நீட்டாத ரீச்சர் என்று பெயர் எடுத்த மனிசி.

“கெதியாக் காலைக் குடடி,” என்று கத்திவிட்டுத்தான் அவர்கள் போனார்கள். பொலிஸுக்கும் அதையே சொன்னோம். முகம் கட்டியவர்களை யாரென்று அடையாளம் காட்டுவது?

ஆஸ்பத்திரியில் நான் அவளைப் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கை நெஞ்சில் கிடந்தது. “போதும் பிள்ளை,” என்றேன். “காலைக் குடுத்துத் தொலையும். உம்மையும் வெட்டி, அம்மாவையும் வெட்டிப்போட்டாங்கள் எண்டால் ஆர் பதில்?” உண்மையில் பயந்துதான் சொன்னேன்.

“இன்னும் ரண்டு பாடம் கிடக்கு அண்ணை,” என்றாள்.

சோதினை முடிந்தது. அன்று பின்னேரமே ஷரோன் கனகலிங்கத்துக்குப் போன் எடுத்தாள். “தகடு வந்திட்டுது அண்ணை. நாளைக்குக் காலமை வந்து இருந்தியள் எண்டால், முன்னாலையே வார்த்து, பின்னேரம் மாட்டிக்கொண்டு நடந்து போகலாம்.” ஒருவரையும் அப்படி வைத்துக்கொண்டு அவள் கால் வார்த்ததில்லை. எனக்கு மட்டும் காரணத்தைச் சொன்னாள். பகல் பஸ்ஸில் ஞானாம்பிகையும் கீர்த்திகாவும் போகிறார்கள். அது போகும் வரைக்கும் அவனை இங்கே வைத்திருக்க வேண்டும். எந்த ஊருக்கு என்று எனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன்.

அவன் ஓட்டோவில் வந்து இறங்கினான். ஊன்றுகோலோடு வந்து போறணைக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்துகொண்டான். ஷரோனுக்கு ஒரு கை இன்னும் சரியாக இயங்காது. தகட்டின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். கண்ணாடியாகத் தெளிந்த தகட்டை இருவருமாகத் தூக்கி அச்சில் போர்த்தினோம். பம்ப் இரைந்தது. தகடு அச்சோடு இறுகியது. உள்ளே பிளாஸ்டர் கால் அப்படியே தெரிந்தது.

“முடிஞ்சுதே?” என்றான்.

“ஆற வேணும் அண்ணை. வெள்ளையாகட்டும்.”

கொஞ்ச நேரம் பொறுத்தான். முழங்கால் வளைவில் முதல் புகார் படிந்தது. போனை எடுத்து வீட்டுக்கு அடித்தான். ஞானாம்பிகை எடுத்தாள் போல. “சோறு காய்ச்சி வை, நான் நடந்து வாறன்,” என்றான். என்னைப் பார்த்து இளித்தான். நடந்து போய் முதலில் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். அதை அவன் மறைக்கவும் இல்லை.

கெண்டைக்கால் பக்கம் வெளுத்தது. அவன் திரும்பவும் போன் அடித்தான். ஒருவரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். முகம் மாறியது.

“காத்தாடியைப் போடு. கெதியா ஆறட்டும்.”

“ஏலாது. முறுகிப்போம்.”

எழும்பி, ஒற்றைக் காலில் தத்தி, தானே காற்றாடியைத் திருப்பி சுவிச்சைத் தட்டினான். ஷரோன் போய் வயரை இழுத்துப் பிடுங்கினாள். அவன் ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்து அவள் முதுகில் அடித்தான். அவள் அச்சைக் கட்டிப்பிடித்தபடி முழங்காலில் விழுந்தாள். அடித்த வேகத்தில் நிலை தவறி அவனும் விழுந்தான். நான் அவன் மேல் ஏறி இருந்து குரல்வளையைப் பிடித்தேன். கொன்றிருப்பேன், சத்தியமாக.

“அண்ணை, விடுங்கோ,” என்றாள் அவள், மூச்சு வாங்க. “பம்ப் நிக்கப்படாது. அதைப் பாருங்கோ.”

அவனைத் தூக்கி மறுபடி கதிரையில் போட்டேன். ஊன்றுகோலைப் பறித்துச் சுவரோடு எறிந்தேன். இனி எங்கே போவது? கால் அச்சில் இருந்தது. அவன் கத்தினான், காறித் துப்பினான், எங்கள் ஏழு தலைமுறையையும் இழுத்தான். பிறகு களைத்துப்போய்த் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே ஆயிரக்கணக்கில் புள்ளி விழுந்து, கிளைத்து, முட்டி, ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருக்கும். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளை ஏறுவதுதான். ஷரோன் அச்சுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். முதுகை நிமிர்த்த முடியவில்லை. மணிக்கூட்டைப் பார்க்காமல் இருக்க அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

தொட்டுப் பார்த்துக் குளிர்ந்துவிட்டது என்று அவளே சொன்ன பிறகுதான் ரம்பத்தை எடுத்துத் தகட்டை அச்சில் இருந்து அறுத்து எடுத்தோம். விளிம்பைச் சீவினாள், உரஞ்சினாள், பாதத்தைப் பூட்டினாள். ஒற்றைக் கையாலும் அவசரம் இல்லாமல்தான் செய்தாள். கெட்ட காலாகச் செய்து கொடுத்திருக்கலாம். எப்படிச் செய்வதென்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அவனுக்குக் கேட்காமல் மெல்லக் கேட்டேன். “அது எனக்கு வராது அண்ணை,” என்றாள்.

அவன் மாட்டினான். நடை பழகும் கம்பிகளைப் பிடித்து நாலடி நடந்தான். கம்பியை விட்டு நடந்தான். திரும்பி வந்து, பலம் பார்க்க, எங்கள் மரமுக்காலிக்கு ஓர் உதை விட்டான். அது பறந்து போய்ச் சுவரில் அடித்துப் பிளந்தது.

“உறுதிதான்,” என்றான்.

பிறகு போனைக் காதில் வைத்தான். அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண்குரல் மூன்று மொழியிலும் சொன்னது, எனக்கும் கேட்டது. அவன் மெல்லப் போனை இறக்கினான். ஷரோனைப் பார்த்தான். புருவத் தழும்பு, கைக்கட்டு, கூனிய முதுகு எல்லாவற்றையும் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

“எங்கை அவள்?”

சுவரோடு கிடந்த ஊன்றுகோலை நடந்தே போய் எடுத்தான். புதுக்காலில் ஒரு நொண்டல்கூட இல்லை. ஓங்கிக்கொண்டு வந்தான். நான் குறுக்கே போனேன். ஷரோன் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். மேசையில் கையை ஊன்றி எழும்பி, தானே அவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“அடிக்கிறதெண்டால் அடியுங்கோ அண்ணை,” என்றாள். “பஸ் போயிட்டுது.”